மாதாவின் மின்சாரத்தோடு நான் ஓடிப்போன மாலை

அந்த யோசனை எனக்கு வந்தபோது வண்டியின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. புத்தியுள்ள பெண்ணாக இருந்தால் வண்டியைக் கோழிக்கே விட்டுவிட்டு வந்திருப்பாள்.

நோணாங்குப்பத்தில் படகுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். கல்லூரி முடிந்த துக்கத்தைத் தோழிகளோடு கடலில் கரைப்பதாகத் திட்டம். வரிசை நகரவில்லை. எனக்கோ ஓரிடத்தில் நிற்க வராது. சும்மா பின்பக்கம் நடந்தேன். ஒரு கீற்றுக்கொட்டகையின் நிழலில் அது நின்றிருந்தது. நான்கு குண்டுச் சக்கரங்கள், பைக்குக்கு இருப்பதுபோல ஹேண்டில், ஒரே ஆள் ஏறிப் பறக்கிற பந்தய ரக ஏடிவி. மணலில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு ஓடி, உப்புக்காற்று தின்றது போக மிச்சமிருந்த வண்டி.

கொட்டகைக்காரரிடம், "அண்ணே, இது ஓடுமா?" என்று கேட்டேன்.

"ஓடுச்சுன்னா நான் ஏம்மா கோழிக்கு உடுறேன்?"

வேறு யாராவது இந்தப் பதிலிலேயே திரும்பியிருப்பார்கள். நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். (பிஸ்டனை வரையச் சொன்னால் நிழலெல்லாம் போட்டு வரைவேன். கையில் தொட்டதில்லை.) வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவதும், பழைய ஏடிவிகளைப் புதுப்பிக்கும் வீடியோ பார்ப்பதுமாக என் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. வீடியோவில் எல்லாமே இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். என் லேப்டாப்பை விற்றேன், வண்டி வீட்டுக்கு வந்தது. கோழியை மட்டும் அவர் தரவில்லை.

எங்கள் வீடு உழவர்கரையில். அப்பா ஒலி ஒளி சர்வீஸ் வைத்திருக்கிறார். கல்யாணம், காது குத்து, கோயில் திருவிழா எதுவானாலும் சீரியல் செட், ஸ்பீக்கர், டிராலியில் ஏற்றிய ஜெனரேட்டர் எல்லாம் அவருடையதுதான் போகும். அந்தச் சாமான்கள் கிடந்த ஷெட்டில் என் வண்டி நுழைந்ததும், ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள் ஹாலுக்கு வந்தன. அம்மா ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு, பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவது பந்தலில் சாப்பிடுவது போல இருக்கிறது, மொய் மட்டும்தான் வரவில்லை என்றாள். கடைசியில் தீர்ப்பும் சொல்லிவிட்டாள்: "மாதா திருவிழாவுக்குள்ள அது உருப்படியா ஒரு வேல செய்யணும். இல்லன்னா காயலான் கடைக்குத்தான். சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து என் வாழ்க்கைக்கு ஒரே லட்சியம்தான்: இரும்பு விலைக்குப் போகாமல் அதைக் காப்பாற்றுவது.

கூட்டாளியாகச் சித்தப்பா மகன் மார்ட்டின் சேர்ந்தான். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து நேராக எங்கள் ஷெட்டுக்கு வந்துவிடுவான். காற்று வடிகட்டியைக் கழற்றியபோது கடற்கரையில் பாதி கொட்டியது. கார்புரேட்டரை என் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தோம். (பழையது என்று நினைத்து எடுத்தது அம்மாவுடையது. அது தனிக்கதை.) பின்பக்க ஷாக் அப்சார்பர் ஒரு விபத்துப் பைக்கில் இருந்து வந்தது. கிழிந்த சீட்டை ஆட்டோ சீட் தைப்பவர் தைத்துத் தந்தார். கையில் மிச்சமிருந்த துணியைப் போட்டதால் நடுவில் மட்டும் பூப்போட்டிருந்தது. உடைந்த மட்கார்டில் ஓட்டை போட்டு பிளாஸ்டிக் டேக்கால் ஆபரேஷன் முடிந்த வயிறு மாதிரி தைத்தோம்.

பிறகு மேம்பாடு. செயின் ஓடும் பல்சக்கரத்தில், அதாவது ஸ்ப்ராக்கெட்டில், முன்னால் பெரியது, பின்னால் சின்னது மாட்டினால் வண்டி பறக்கும் என்று இணையத்தில் படித்தோம். மாட்டினோம். அப்படி மாட்டினால் மெதுவாக ஓடவே ஓடாது என்ற மறுபாதியைப் படிக்கவில்லை. கிளட்ச் கேபிள் மட்டும் பழசு. உள்ளே ஓடுகிற சாமானுக்கு எதற்குச் செலவு என்று விட்டுவிட்டு, அதே வாரம் ஹேண்டிலுக்குச் சிவப்பு கிரிப் வாங்கினேன். எஞ்சினைச் சட்டென்று அணைக்கும் பொத்தான் பார்க்க அம்சமாக இருந்தது. அதற்கு வயர் இழுக்கும் வேலை பாக்கி இருந்தது.

காலிமனைப் பக்கம் ஓட்டிப் பார்த்தோம். பறந்தது. மார்ட்டின் அழுதேவிட்டான். (தூசி என்று இன்றும் சாதிக்கிறான்.)

தேர்பவனி அன்று காலை அப்பாவின் போன் அடித்தது. வருடாவருடம் ஜெனரேட்டர் டிராலியை இழுக்கும் குட்டியானை வேனுக்குக் கியர்பாக்ஸ் போய்விட்டது. திருவிழா நாளில் வேறு வண்டி கிடைக்காது. அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அந்தத் தேருக்கு அவர் விளக்கு கட்ட ஆரம்பித்தது நான் பிறக்கும் முன்பு. ஒரு வருடம்கூட ஒரு பல்பு அணைந்ததில்லை என்பதுதான் அவருக்கு எங்கள் பங்குக் கோயிலில் இருந்த பெயர்.

நான் டிராலியை இழுக்கிறேன் என்றேன். அப்பா வண்டியைப் பார்த்தார், பூப்போட்ட சீட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். வேறு வழியில்லாத மனிதர் சம்மதிக்கும் விதமாகச் சம்மதித்தார்.

எங்கள் தேர்பவனியை நடத்துபவர் சொல்தா பெரியப்பா. பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் பட்டாளத்தை விட்டு வந்தாலும் விசில் அவரை விட்டு வரவில்லை. முன்னால் மாதா தேர், அதன் பின்னால் ஜெபமாலை சொல்லும் பெண்கள், அதற்கும் பின்னால் டிராலியோடு நான். டிராலியில் ஜெனரேட்டர், ஆம்ப்ளிஃபயர், ஊதுகுழல் ஸ்பீக்கர். அங்கிருந்து தேருக்கு நீளமாக ஒரு கேபிள். கம்பியில்லா மைக் ரோசாலி டீச்சர் கையில். எனக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர். இன்றைக்கும் அவரைப் பார்த்தால் கையைக் கட்டிக்கொள்வேன்.

தேர் கிளம்பியது. அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. உலகத்திலேயே மெதுவாக நகரும் ஊர்வலத்துக்கு, பறப்பதற்கென்றே திருத்திய வண்டியைக் கொண்டுவந்திருக்கிறேன்.

முதல் கியரிலேயே அது ஓட்டப்பந்தயத்துக்குத் துடித்தது. கிளட்சைப் பாதி பிடித்து, பாதி விட்டு, அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். சொல்தா பெரியப்பா திரும்பித் திரும்பி "தூஸ்மான், தூஸ்மான்" என்றார். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம். எனக்குத் தெரியும், வண்டிக்குத்தான் தெரியவில்லை. சாம்பிராணி வாசனையோடு கிளட்ச் கருகும் வாசனையும் கலந்தது. முன்னால் போன ஒரு அத்தை, இந்த வருடம் சாம்பிராணி மட்டமான சரக்கு என்று பக்கத்தில் இருந்தவரிடம் குறைபட்டாள். இருட்டத் தொடங்கியது. மாதா தேர் ஜொலித்தது. அப்பா தேரோடு நடந்தபடி ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த சந்து முனையில் கிளட்ச் கேபிள் அறுந்தது.

வண்டி குதித்தது. இந்த ரக வண்டியில் வேகம் கொடுக்கும் விசை கட்டைவிரலில் இருக்கிறது. வண்டி முன்னால் பாய்ந்தால் உடம்பு பின்னால் போகும், விழாமல் இருக்க ஹேண்டிலை இறுக்கினால் கட்டைவிரல் இன்னும் அழுத்தும். நான் பயந்த அளவுக்கு அது வேகமெடுத்தது. நேரே முன்னால் ஜெபமாலைப் பெண்கள். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான், ஹேண்டிலை ஒடித்துத் திருப்பினேன். நானும் டிராலியும் ஜெனரேட்டரும் பக்கத்துச் சந்துக்குள் போனோம். கேபிள் விறைத்தது, தேரில் இருந்து பிளக் பிடுங்கிக்கொண்டது, மாதா இருளில் மூழ்கினாள்.

மைக்குக்கோ ஆம்ப்ளிஃபயருக்கோ ஒன்றும் ஆகவில்லை. ஆகவே ரோசாலி டீச்சரின் குரல் என்னோடுதான் வந்தது. ஜெபமாலையின் பாதியில், சந்து முழுக்கக் கேட்க, என் முதுகுக்குப் பின்னால் அது ஒலித்தது:

"ஜெசிந்தா, கரண்ட்ட எடுத்துக்கினு எங்கடி போற?"

அது ஒரு முட்டுச்சந்து. கடைசியில் வீடு கட்டுவதற்காகக் கொட்டிய மணல் குவியல். கடற்கரை வண்டி எத்தனை வருடம் கழித்து மணலைப் பார்க்கிறதோ, ஆசையாகப் பாதி தூரம் ஏறி, இருமி, நின்றது.

நான் கண்ணைத் திறந்தபோது வாசல்தோறும் ஆட்கள் நின்றிருந்தார்கள். தங்கள் சந்துக்குள் ஜெபமாலைச் சத்தம் வருவதைக் கேட்டு, தேர்தான் வந்துவிட்டது என்று மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு ஓடிவந்தவர்கள். வந்தால் மாதா இல்லை, மணல் மேல் நான். ஒரு அக்கா கையில் சாமந்தி மாலை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப்போக மனமில்லாமல் ஹேண்டிலில் போட்டாள்.

"எங்க சந்துக்குத் தேர் வந்ததே இல்ல. திரும்ப முடியாதாம். லைட்டாவது வந்துச்சே" என்றாள்.

அப்பா ஓடி வந்தார். அறைதான் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் என் கைகால்களைத் தடவிப் பார்த்தார். ஜெனரேட்டர் ஓடுவதைப் பார்த்தார். டிராலியைத் திருப்ப இடமில்லை. என் வண்டிக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. அதற்குள் அந்த அக்கா அவரிடம், "அண்ணே, மாதா வருமா?" என்று கேட்டுவிட்டாள். சந்தே அவர் வாயைப் பார்த்தது.

அப்பா சந்தின் நீளத்தைக் கண்ணால் அளந்தார். பிறகு, "வரும்" என்றார்.

சந்து முனைக்குப் போய் சொல்தா பெரியப்பாவிடம் என்ன பேசினாரோ தெரியாது. விசில் அடித்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தேரை மெல்ல நகர்த்தி, மாதாவைச் சந்தைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினார்கள். அப்பா டிராலிக்குப் பின்னால் அறுபட்டுக் கிடக்காமல் நீண்டு கிடந்த கேபிளை இன்னொரு கேபிளோடு சேர்த்து, சந்தின் நீளத்துக்கும் இழுத்துப் போய்த் தேரில் செருகினார்.

தேருக்கு வெளிச்சம் வந்தது. அத்தனை விளக்கும் அந்தச் சந்தைப் பார்த்து எரிந்தன. மெழுகுவர்த்தி பிடித்த கைகள் அப்படியே நின்றுவிட்டன. ரோசாலி டீச்சர் விட்ட இடத்தில் இருந்து ஜெபமாலையை எடுத்தார். கூட்டத்தில் அம்மா நின்றிருந்தாள். என்னை முறைக்க மறந்து தேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீதி வழியெல்லாம் அந்தச் சந்துக்காரர்களே டிராலியைக் கையால் தள்ளி வந்தார்கள். என் வண்டி சாமந்தி மாலையோடு மணலில் கிடந்தது; பவனி முடிந்தபிறகுதான் மார்ட்டினும் நானும் அதை வீட்டுக்குத் தள்ளி வந்தோம்.

மறுநாள் காலை காயலான் கடைக்காரர் வாசலில் நின்றார். அம்மா சொன்ன சொல் தவறாதவள். ஆனால் அவருக்கு முன்பே சந்துக்காரப் பெண்கள் வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள், ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில், காப்பி குடித்துக்கொண்டு. அடுத்த வருடம் ஒரு குட்டித் தேரை அந்த வண்டியில் கட்டிச் சந்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று பங்குச் சாமியாரிடமே கேட்டுவிட்டார்களாம். சாமியார், வண்டி வைத்திருப்பவர்கள் சம்மதித்தால் சரி என்றாராம்.

வண்டி வைத்திருப்பவர்கள் என்ற சொல்லில் அம்மா விழுந்துவிட்டாள். "அது எங்க போவப் போவுது, இங்கதான் கெடக்கும்" என்றாள். காயலான் கடைக்காரர் வெறுங்கையோடு போகவில்லை. அப்பா ரொம்ப நாளாகக் கெட்டுக்கிடந்த ஸ்பீக்கர் பெட்டிகளை எடுத்துக்கொடுத்தார். ஹால் காலியானது.

இன்றைக்கும் எங்கள் தெருவில் கரண்ட் போனால் யாரும் மின்துறைக்கு முதலில் போன் செய்வதில்லை. "ஜெசி வீட்ல இருக்காளா பாரு" என்கிறார்கள். அம்மா உள்ளே இருந்து, "இருக்கா, இங்கதான் இருக்கா" என்று பதில் சொல்கிறாள்.

வண்டியில் இப்போது ஸ்ப்ராக்கெட் இடம் மாறிவிட்டது. முன்னால் சின்னது, பின்னால் பெரியது. நடந்துபோகிறவர்கள் அதை முந்துகிறார்கள். கிளட்ச் கேபிள் புதுசு. அணைக்கும் பொத்தானில் கயிறு கட்டியிருக்கிறோம், இழுத்தால் எஞ்சின் நின்றுவிடும். பவனியில் அந்தக் கயிற்றின் மறுமுனை அம்மா கையில் இருக்கும் என்று பேச்சு. பாக்கி இருப்பது ரிவர்ஸ். உள்ளே போன மாதா வெளியே வர வேண்டுமல்லவா? மார்ட்டின் ஒரு பழைய ஆட்டோவின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டுவந்திருக்கிறான். அதைப் பின் ஆக்ஸிலோடு கோத்துப் பின்னோக்கிச் சுழற்றுவதாகத் திட்டம். வீடியோவில் இருபது நிமிடத்தில் முடிந்தது.

வரும் ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும், அதே முட்டுச்சந்தில் வெள்ளோட்டம். சந்துக்காரர்கள் மணலை ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அப்பாவும் வருகிறார். ஜெனரேட்டர் வீட்டிலேயே இருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டார்.