கீரியும் மூன்று கிளாம்ப் மீட்டர்களும்

ஒரு காட்டில் தண்ணீர் தானாக ஊறிய காலம் மலையேறிப் போய், ஐந்து எச்.பி. மோட்டார் போட்டு ஆற்றிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் ஏற்றும் காலம் நடந்துகொண்டிருந்தது. மோட்டாரை ஓட்டுகிறவர் மாசிலாமணி என்கிற கீரி. பாம்புக்குப் பயப்படாத பிறவி. ஆனால் பங்குனி பிறந்ததிலிருந்து மோட்டார் அறைக்குள் நுழையவே அவருக்குப் பயமாக இருந்தது.

சுவிட்சை அழுத்தினால் மோட்டார் ஒரு முக்கல் முக்கும். உடனே டிரிப்பர் டப்பென்று கீழே விழுந்து கரண்டைத் துண்டித்துவிடும். ஏழெட்டு தடவை கெஞ்சினால் ஒரு தடவை ஓடும். குளத்தில் தண்ணீர் முழங்காலுக்கு வந்து, பிறகு கணுக்காலுக்கு வந்தது. மான்கள் கீரியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயின. திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்த மோட்டார் ஓடும்போது எட்டு ஆம்பியர் எடுக்கும். கிளம்புகிற அந்த ஒரு கணம் மட்டும் ஐம்பது வரை குதிக்கும், அது நியாயம். அதற்கு மேலே போனால் உள்ளே சுற்றியிருக்கிற செம்புக் கம்பி, அதாவது காயில், கெட்டிருக்கிறது, கழற்றிப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று அர்த்தம். கீரி போய்க் காட்டுத் தலைவர் கரடியிடம் நின்றார்.

"ஐயா, மூணு நாளைக்கு மோட்டாரைக் கழட்டிக் காயில் கட்டக் குடுத்துட்டா குளம் தப்பிச்சுரும்."

"காயில் போயிருச்சுன்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"சத்தத்துலயே தெரியுதுங்க."

"சத்தத்தை ஃபைல்ல வைக்க முடியுமா? நம்பர் கொண்டா."

நியாயமான கேள்விதான். கரடி தன் பதவிக்காலத்தில் கேட்ட ஒரே நியாயமான கேள்வியும் அதுதான். பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் அவர் யோசித்து வைக்கவில்லை.

நம்பர் வேண்டுமானால் கிளாம்ப் மீட்டர் வேண்டும். ஒயரை வெட்டாமல், வாயைத் திறந்து கவ்வி, எத்தனை ஆம்பியர் போகிறது என்று சொல்லும் கருவி. வாங்குவதற்குக் குழு போட்டார்கள். தலைவர் கரடி, செயலாளர் ஓணான். எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுகிற தகுதி ஓணானுக்குப் பிறவியிலேயே இருந்ததால் நேர்காணல் வைக்கவில்லை. கடைக்கார மரநாய், தோள்பையில் மூன்று மீட்டர்களோடு வந்து சேர்ந்தது. மூன்றும் ஒரே விலை.

முதல் மீட்டரை, மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரில் ஒன்றில் மாட்டி கீரி சுவிட்சை அழுத்தினார். மோட்டார் முக்கியது, டிரிப்பர் விழுந்தது, மீட்டர் பதினொன்று என்றது.

"இது மெதுவா முழிக்கிற மீட்டருங்க. கரண்டு குதிச்சு இறங்கினப்புறம்தான் கண்ணைத் தொறக்குது," என்றார் கீரி.

இரண்டாவதில் அந்த முதல் குதிப்பை மட்டும் பிடித்து வைக்கத் தனிப் பொத்தான் இருந்தது. அதே ஒயர், அதே சுவிட்சு. மீட்டரில் எழுபத்து நாலு என்று நின்றது. கீரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மோட்டாருக்காகத் துக்கமும், தான் சொன்னது சரி என்பதில் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

"இதுதாங்க ஐயா வேணும். காயில் போயிருச்சுன்னு இதுவே சொல்லுது பாருங்க."

கரடியின் முகம் கடுகடுத்தது. "எழுபத்து நாலா? இவ்வளவு கரண்டு குடிக்கிற மீட்டரை வாங்கி வெச்சு யாரு கட்டி அழறது?"

"மீட்டர் குடிக்கலீங்க. மோட்டார் குடிக்குது."

"முதல் மீட்டர் மாட்டினப்போ பதினொண்ணுதானே? மோட்டார் அதே மோட்டார்தானே? அப்போ மிச்சம் அறுபத்து மூணைக் குடிச்சது யாரு?"

ஓணான் தலையை ஆட்டியது. இப்படிப்பட்ட அறிவுக்கு எதிரில் பாம்பு எவ்வளவோ தேவலை என்று கீரிக்குத் தோன்றியது.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை மரநாய் மோப்பம் பிடித்துவிட்டது. மூன்றாவது மீட்டரைத் தானே எடுத்து, ஓர் ஒயரில் மாட்டாமல், மூன்று ஒயரும் உள்ளே போகிற தடித்த கேபிளையே கவ்வ வைத்தது. "இப்ப அழுத்துங்க சார்."

கீரி அழுத்தினார். மோட்டார் முக்கியது, டிரிப்பர் விழுந்தது. மீட்டர் பூஜ்யத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"இது ஏமாத்துங்க ஐயா," என்று கீரி பதறினார். "மூணு ஒயரையும் சேத்துப் பிடிச்சா எப்பவும் பூஜ்யம்தான் வரும். ஒண்ணுல போறது இன்னொண்ணுல திரும்பிருது, கூட்டிக் கழிச்சா மீட்டருக்கு ஒண்ணுமே தெரியாது. ஒத்த ஒயரைத்தான் பிடிக்கணும்."

"மூணு இருக்கும்போது ஒண்ணை மட்டும் பிடிக்கிறது பாரபட்சம் இல்லையா?" என்றார் கரடி. "எல்லாரையும் சமமா அணைச்சுப் பிடிக்கிறதுதான்யா நிர்வாகம்."

எந்தப் பொருள் வாங்கினாலும் மூன்று பெயர் எழுதி, எதிரே மூன்று எண் எழுதி, குறைந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் விதி. அது விலையைப் பற்றியது என்பது விதியை எழுதியவருக்குத் தெரிந்திருக்கும். இங்கே விலை மூன்றும் ஒன்றாகப் போனதால், கட்டத்தைக் காலியாக விட மனமில்லாத ஓணான் பதினொன்று, எழுபத்து நாலு, பூஜ்யம் என்று நிரப்பியது. பூஜ்யத்துக்கு வட்டம் போட்டது. கீழே ஒரு குறிப்பும் எழுதியது: 'மேற்படி மோட்டார் கிளம்பும்போது கரண்டே எடுப்பதில்லை என்பது கருவியால் நிரூபணமானது. ஆகவே டிரிப்பர் வேண்டுமென்றே விழுகிறது.'

"டிரிப்பரைக் கழட்டிட்டு டைரக்டா குடுத்துரு," என்று கரடி உத்தரவு போட்டார்.

"எரிஞ்சு போயிரும் ஐயா. என் கையால அதைச் செய்ய மாட்டேன்."

மரநாய் செய்து கொடுத்தது. விற்பனைக்குப் பிந்தைய சேவையாம்.

அடுத்த அழுத்தலிலேயே மோட்டார் ஓடியது. குளத்தில் தண்ணீர் கொட்டியது. மான்கள் குடித்தன. கரடிக்கு மாலை விழுந்தது. கீரி மட்டும் மோட்டார் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, சூடு தாங்காமல் எடுத்துக்கொண்டார். நாலு நாள் அது வெந்துகொண்டே உழைத்தது. ஐந்தாம் நாள் உச்சிவெயிலில் அறைக்குள்ளிருந்து புகை வந்தது. கீரி இருமிக்கொண்டே உள்ளே ஓடி மெயினை இறக்கினார். காயில் கருகி உருகியிருந்தது. கேபிளைக் கவ்வியபடி மூன்றாவது மீட்டர், புகைக்கு நடுவிலும், பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது.

விசாரணை நடந்தது. மோட்டார் மேல் குற்றமில்லை, அது கடைசிவரை பூஜ்யம்தான் எடுத்தது என்று மீட்டரே சாட்சி சொல்லிவிட்டது. அப்படியானால் யார்? ஓணான் பழைய பட்டியலை எடுத்து நீட்டியது.

"அன்னைக்கு எழுபத்து நாலு வந்துதே, அந்த மீட்டரைப் பிடிச்சது யாரு?" என்றார் கரடி.

"நான்தாங்க."

"அன்னைக்கே நீ மோட்டார் நெஞ்சுல அடிச்சுட்ட. அது அஞ்சு நாள் பொறுத்து உயிரை விட்டிருக்கு."

ஓணான் தலையாட்டியது. தாகத்தில் இருந்த கூட்டமும் தலையாட்டியது. கீரியைக் காட்டைவிட்டு அனுப்பினார்கள். போகும் வழியில் குளத்தைப் பார்த்தார். கலங்கிய சேற்றில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. அவருக்கு அழுகை வந்தது. தனக்காக அல்ல. நம்பர் கேட்டார்களே என்று நம்பி நம்பர் கொடுத்ததற்காக.

ஓணான் புதிய ஆபரேட்டர் ஆனது. அதன் காலத்தில் டிரிப்பர் ஒரு தடவைகூட விழவில்லை என்று பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். மோட்டார் இல்லாத கேபிளில் அந்த மீட்டர் இன்றும் தொங்குகிறது, பூஜ்யம் காட்டிக்கொண்டு. இப்போது அது காட்டுவது சரியான அளவுதான்.

நீதி: அளப்பதென்றால் எப்போதும் மொத்தக் கேபிளையும் சேர்த்துப் பிடியுங்கள். ஒற்றை ஒயரைப் பிடிப்பவனுக்கு உண்மை தெரியும், கூடவே வெளியே போகும் வழியும் தெரியும்.