மர வாத்துக்கு மரியாதை செய்யும் நாய்

மினசோட்டா,
அக்டோபர் 14

அன்புள்ள அண்ணன் ஹால்வோருக்கு,

நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால் தேவலையா? சளியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. சளிக்குக் காரணம் நீ. போனில் சொன்னால் சிரிப்பாய் என்பதால் எழுதுகிறேன்.

கோடையில் ஓட்டோவை இங்கே இறக்கிவிட்டபோது நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "ரக்னா, இது தங்கம். நாலு வருஷமா நானே பழக்கினது. காட்டுக்கோழியப் பாத்து நிக்கிற நாய் வாத்தப் பாத்து நிக்காதா?" நிற்கிறது, அண்ணா. நிற்க மட்டும்தான் செய்கிறது.

பக்கத்துப் பண்ணை ஆர்விட், வாத்து வேட்டைக்கு ஏரிக்கரையில் கட்டிய தன் நாணல் மறைவில் எனக்கு ஓர் இடம் தர ஆறு வருடம் ஆயிற்று. வாரத்தில் ஐந்து நாளும் நூலகத்தில் மற்றவர்களை அமைதியாக இருக்கச் சொல்லிக்கொண்டிருப்பவள் நான். தானாகவே அமைதி கிடைக்கும் இடம் எனக்கு அது ஒன்றுதான். சனிக்கிழமை விடியலில் பன்னிரண்டு மர வாத்துகளை மிதக்கவிட்டோம், காட்டு வாத்துகள் பார்த்து இறங்கட்டும் என்று. ஓட்டோ அவற்றைப் பார்த்தது. முன்காலை மடக்கித் தூக்கி, வாலை விறைத்துக்கொண்டு, 'இதோ இரை' என்று காட்டுவதுபோல் சிலையானது. மரக்கட்டைக்கு இவ்வளவு மரியாதை! ஆர்விட், நம் கிழவர்கள் அலுப்புக்கும் வலிக்கும் சொல்லும் அந்த "உஃப் டா"வை முனகியபடி வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார், நாய்க்கு என்ன பிடித்ததோ, பாய்ந்து போய் ஒரு மர வாத்தைக் கயிறோடு இழுத்துவந்து என் காலடியில் வைத்தது, அதைத் திரும்ப மிதக்கவிட்டு வந்தால் ஆர்விட் காப்பியில் நாக்கைச் சுட்டுக்கொண்டு "உஃப் டா!" என்று துள்ளுகிறார், அதற்குள் இது அடுத்ததைக் கவ்வப் போய்விட்டது, தலைக்குமேல் வட்டமிட்ட நிஜ வாத்துகள் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு அப்படியே தெற்கே போய்விட்டன.

"பொம்மைக் கடை வைக்கப் போறானா ஒன் நாய்?" என்றார் ஆர்விட்.

கடைசியில் ஒரு பச்சைத்தலை வாத்து வந்தது. ஆர்விட் வாய் நிறைய சாண்ட்விச்சோடு இருந்ததால் நான்தான் சுட்டேன். முப்பதடி தள்ளி விழுந்தது. ஓட்டோ பார்த்தது. காலைத் தூக்கியது. நின்றது. "போ! எடு! கொண்டா! ஓட்டோ, கும்பிடறேன்டா!" அசையவில்லை. ஆர்விடும் மென்றுகொண்டே பார்த்தாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. நானே இறங்கினேன். ரப்பர் உடையின் மேல்விளிம்பைத் தாண்டி ஏரி உள்ளே வந்தது.

நான் வாத்தோடு கரையேறியபோது ஆர்விட் விழுங்கி முடித்திருந்தார். "நீ நல்லாத்தான் எடுத்துட்டு வர்ற, ரக்னா. நாய்தான் சரியில்ல. வர்ற சனிக்கிழமையும் இப்படின்னா, என் மருமகன்கிட்ட சுட்டத எடுத்துட்டு வர்ற லாப்ரடார் இருக்கு."

எதையும் சுற்றி வளைத்தே சொல்லும் நம் ஊர்க்காரர் ஒருவர் இவ்வளவு நேராகப் பேசினால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். என் இடம் போகப்போகிறது. வெள்ளிக்கிழமைக்குள் வந்து உன் தங்கத்தை எடுத்துக்கொண்டு போ.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அது நிற்பதைப் பார்த்து எனக்கு இவ்வளவு ஆத்திரம் வருவதற்குக் காரணம் வாத்து மட்டும் இல்லை. நாற்பத்தாறு வயது வரை நானும், யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று ஒரு காலைத் தூக்கியபடியேதான் நின்றிருக்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. முழங்காலுக்குச் சூடு வைத்துக்கொள்.

கோபம் தீராத தங்கை,
ரக்னா

பி.கு.: மர வாத்துகளைப் பின்வாசலில் காயவைத்திருந்தேன். ஓட்டோ ஒரு மணி நேரமாக அவற்றின் முன் நின்றுகொண்டிருந்தான். உறை எடுக்க எழுந்தவள் மேசையில் முட்டியை இடித்துக்கொண்டேன். கிழவர்கள் சொல்லும் சொல், நான் சொல்லவே மாட்டேன் என்றிருந்த சொல், வாயில் வந்துவிட்டது: "உஃப் டா!" ஓடிப்போய் ஒன்றைக் கொண்டுவந்து காலடியில் வைத்தான். மறுபடி சொன்னேன். இன்னொன்று. பன்னிரண்டும் இப்போது என் காலடியில்தான் கிடக்கின்றன. நாலு வருஷமும் சுட்டு முடித்து எழும்போதெல்லாம் அந்த முழங்காலோடு நீ என்ன முனகினாய், அதையே 'எடு' என்று இவன் கற்றுக்கொண்டானா என்று நான் கேட்கப்போவதில்லை. வெள்ளிக்கிழமை வராதே. சனிக்கிழமை அந்த வார்த்தையை நான் மட்டும்தான் சொல்வேன். ஆர்விடுக்குப் பெரிய சாண்ட்விச்சாக நாலு கட்டிக்கொண்டு போகிறேன்.