வாளியில் நான்கு மாதம்

இன்னும் ஐம்பத்தொரு மணி நேரம் இருந்தது. ஆன்சி விரல்விட்டு இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். இப்போது சனிக்கிழமை காலை எட்டு மணி. நேர்காணல் திங்கட்கிழமை பதினொன்றுக்கு.

அருங்காட்சியகத்திலிருந்து வந்த மின்னஞ்சலை மறுபடியும் படித்தாள்.

"தாங்கள் விண்ணப்பத்துடன் அனுப்பிய அம்மோனைட் மிகச் சிறப்பாகத் தயாரிக்கப்பட்டுள்ளது. அதே முறையில் தயாரித்த இன்னொன்றைக் கொண்டுவந்து, முறையை நேரில் விளக்கவும்."

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கல்லை அவள் தயாரிக்கவே இல்லை.

அம்மோனைட் என்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு கடலில் வாழ்ந்த, சுருண்ட ஓடு கொண்ட உயிர். அந்த ஓடுகள் கல்லாகி அரியலூர்ப் பக்கத்து மண்ணுக்குள் கிடக்கின்றன. எதிர் வீட்டு யாசின் அண்ணன் அந்தப் பக்கம் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். கழித்துக் கொட்டிய குவியலிலிருந்து மாதம் ஒரு பை கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "ஆன்சி, உன் நத்தைங்கோ வந்துட்ச்சி" என்று குரல் கொடுப்பார்.

வேதியியல் முடித்த ஆன்சிக்கு அதுதான் பொழுதுபோக்கு. ஊசியாலும் பழைய பல் பிரஷ்ஷாலும் மண்ணை நீக்குவாள்; கல்லைத் தயாரிப்பது என்றால் அதுதான். ஒரு கல்லுக்கு ஒரு மாதம் ஆகும். மனிதர்களோடு பேசுவதைவிட அது எளிதாக இருந்தது.

ஜனவரியில் ஒரு கல்லை, ஒட்டியிருந்த களிமண் இளகட்டும் என்று, குளியலறை மூலையில் பழைய பெயிண்ட் வாளியில் ஊறப்போட்டாள். மறுநாளே கும்மிடிப்பூண்டியில் நான்கு மாத ஒப்பந்த வேலை வந்தது. ஹாஸ்டலுக்குப் போனாள். கல்லை மறந்தாள். மே மாதம் வேலை முடிந்து வந்து வாளிக்குள் கைவிட்டபோது, கையில் வந்தது வேறொரு கல்.

ஒரு பக்கம் மட்டும் கண்ணாடிபோல வழுவழுப்பு. மேல் ஓடு தேய்ந்து, அடியிலிருந்த கோடுகள் கறிவேப்பிலைக் கொத்தை வரைந்து வைத்ததுபோலத் தெரிந்தன. அந்தக் கோடுகளைப் பார்ப்பதற்காகவே உலகம் முழுவதும் ஆட்கள் இரவு பகலாகக் கல்லைத் தேய்க்கிறார்கள். இங்கே ஒரு வாளித் தண்ணீர் அதைச் செய்திருந்தது.

போன மாதம் அந்தக் கல்லோடு அனுப்பிய அருங்காட்சியக வேலை விண்ணப்பத்தில் 'தயாரித்த முறை' என்று ஒரு கட்டம் இருந்தது. 'நானே உருவாக்கிய நீண்டகால ஊறல் முறை' என்று எழுதினாள். முதல் இரண்டு சொற்கள் தேவையில்லைதான். கட்டம் பெரிதாக இருந்தது.

"இன்னாடி, செல்லையே பாத்துக்கினு கீற?" என்று கேட்டபடி அம்மா ரோசி சமையலறையிலிருந்து வந்தாள்.

"திங்கக்கெழம இன்டர்வியூம்மா."

ரோசி சுவரிலிருந்த அந்தோணியாரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். "கல்ல திருப்பிக் குடுப்பாங்களாமா?"

"வேல குடுப்பாங்களான்னு கேளும்மா."

"அதையுந்தான் கேக்குறேன்."

வேலையைப் பற்றிக் கேட்க ரோசிக்கு எல்லா உரிமையும் இருந்தது. மகளுக்கு நிரந்தர வேலை கிடைக்கும்வரை காலில் செருப்புப் போடுவதில்லை என்று அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டு இரண்டு வருடம் ஆகிறது. அத்திப்பட்டு அங்கன்வாடியில் சமையல் உதவியாளர். காலையில் ரயிலேறிப் போய், அனல்மின் நிலையச் சாம்பல் லாரிகள் ஓடும் சாலையில் வெறுங்காலோடு நடந்து, மாலையில் அதே கால்களோடு காலடிப்பேட்டைக்குத் திரும்புவாள்.

"இன்னா ரோசிக்கா, இன்னும் செருப்பு போடலியா?" என்று தெருவில் கேட்பார்கள். உன் மகளுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லையா என்று அர்த்தம். ஆன்சிக்கு வேலை இல்லை என்ற செய்தி தினமும் இரண்டு தடவை அந்தத் தெருவில் நடந்து போனது.

ஒரு மாதமாகக் குதிகால் வெடிப்பு வேறு அதிகமாகியிருந்தது. மெழுகுவத்தியை உருக்கித் தேங்காயெண்ணெயில் குழைத்து அப்பிக்கொண்டு, குதிகாலைத் தூக்கியபடி நடந்தாள் ரோசி. அந்த நடையைப் பார்க்கும்போதெல்லாம் ஆன்சி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்: இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

"ம்மா, நான் ஹாஸ்டல்ல இருக்கச்சொல்ல அந்த வாளில எதுனா ஊத்துனியா?"

ரோசி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நான் இன்னாத்துக்கு ஊத்தப்போறேன்?"

"சோப்புத் தண்ணி, பினாயிலு, எதுனா?"

"தொடாதீர்னு செகப்பு இங்க்ல எழுதி ஒட்டிக்கீற. அதுல போயி நான் ஊத்துவனா?"

ஆக, வெறும் தண்ணீர். தண்ணீரும் நான்கு மாதமும்.

வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் வினையின் வேகம் இரட்டிப்பாகும் என்று இரண்டாம் ஆண்டில் படித்தது நினைவுக்கு வந்தது. காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டாள். பிரஷர் குக்கரில் நூற்றிருபது டிகிரி. நான்கு மாதம் என்பது ஆறு மணி நேரமாகச் சுருங்கியது. விடை அழகாக வந்ததால் அவள் அதை நம்பினாள்.

கைவசம் நான்கு நல்ல கற்கள் இருந்தன. ஒன்றைக் குக்கரில் வைத்து மூடினாள்.

முப்பதாவது விசிலில் யாசின் அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னா ஆன்சி, ஆட்டுக்காலா? இம்மாம் நேரமா வேகுது?"

"இல்லண்ணா. நீங்க குடுத்த கல்லு."

யாசின் அண்ணன் ரோசியைப் பார்த்தார். ரோசி அந்தோணியாரைப் பார்த்தாள்.

முப்பத்தெட்டாவது விசில் வரவில்லை. இளகிய களிமண் விசில் துவாரத்தை அடைத்துவிட்டது. அடுத்த நிமிடம் பாதுகாப்பு வால்வு பிய்த்துக்கொண்டு போக, சாம்பல் நிறக் குழம்பு கூரையைத் தொட்டுவிட்டு நிதானமாகக் கீழே வந்தது. கல் மூன்று துண்டாகியிருந்தது. மூன்றிலும் வழுவழுப்பு இல்லை.

மீதி நாற்பத்தைந்து மணி நேரம்.

சமையலறையைக் கழுவி முடித்தபோது ஆன்சிக்கு அடுத்த யோசனை வந்தது. அது பெயிண்ட் வாளி. பழைய வாளியில் ஏதோ அமிலம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். மெதுவாகக் கரைத்தால் மேல் ஓடு மட்டும் போகும்.

முக்குக் கடைக்குப் போய், கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, வினிகர் கேட்டாள்.

"எத்தன பாட்டில்?" என்றார் கடைக்காரர் ஜெரின். ஊர் நாகர்கோவில் பக்கம்.

"ஆறு, அண்ணாச்சி."

"ஆறா? ஊறுகா போடுதியளோ?"

"இல்ல. கல்லு ஊறப்போட."

ஜெரின் அண்ணாச்சி சற்று யோசித்தார். "உப்பு வேண்டாமா?"

வேண்டாம் என்று சொன்னால் விளக்க வேண்டியிருக்கும். ஆன்சி ஒரு கிலோ உப்பையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

வினிகரில் விழுந்ததும் கல் நுரைத்தது. நுரையைப் பார்த்து அவளுக்கு நம்பிக்கை வந்தது. ஞாயிறு காலை பூசைக்குப் போய், முழங்காலில் நின்று, கல்லுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டுத் திரும்பினாள். கிண்ணத்தில் கிடந்தது அவித்த உருளைக்கிழங்கு. வரி இல்லை, சுருள் இல்லை. பதினோரு கோடி வருடம் தாங்கிய ஓடு ஊறுகாய்ச் சரக்கில் ஒரு ராத்திரி தாங்கவில்லை.

"நல்லாத்தான கீது. வழுவழுன்னு" என்றாள் ரோசி ஆறுதலாக.

"கோடே போயிட்ச்சும்மா."

"ஆன்சி, நான் ஒண்ணு சொன்னா திட்டமாட்டியே?"

"அப்பறம் சொல்லும்மா. இருவத்தாறு மணி நேரந்தான் கீது."

மூன்றாவது கல்லுக்கு யாசின் அண்ணனின் கிரைண்டரைக் கடன் வாங்கினாள். தரை தேய்க்கிற வட்டை மாட்டிக் கொடுத்தார். "கெட்டியா புடிச்சிக்கோ. வுட்டா எங்க போவும்னு தெரியாது."

ஆன்சி கிரைண்டரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கல்லைத்தான் யாரும் பிடிக்கவில்லை. வட்டு தொட்டதும் அது கொல்லைப்புறத்தைக் கடந்து, நீல நிறத் தண்ணீர் டிரம்மின் வயிற்றில் நுழைந்தது. இரண்டு நாளைக்கு என்று பிடித்து வைத்திருந்த லாரித் தண்ணீர் ஓட்டை வழியாக மெல்லிய வில்லாக வளைந்து பாய்ந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து குடங்கள் வந்தன. அவர்களாவது பிழைத்தார்கள்.

ரோசி ஈரத்தில் கால் வைத்தாள். வெடிப்பில் தண்ணீர் பட்டதும் "ஸ்" என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆன்சி கிரைண்டரைக் கீழே வைத்தாள். "சாரிம்மா. டிரம்மு போச்சு. குக்கரு போச்சு. வேலையும் போயிடும்."

"டிரம்மு கெடக்குது, வுடு. நீ பேஜாராவாத. அந்த வாளி கல்லு கீது பாரு..."

"அதப் பத்தி மட்டும் பேசாத. அந்த ஒரு கல்லாலதான் எல்லாமே."

ரோசி காலைத் தூக்கி மடியில் வைத்து மெழுகு தடவத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை காலை ஆன்சியின் பையில் நான்காவது கல் இருந்தது. மண்ணோடு, வந்தது வந்தபடி. உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். ரயிலில் உதடு அசையாமல் ஒத்திகை பார்த்தாள். 'எனக்குத் தெரியாது, மேடம்.' மொத்தம் மூன்றே சொல்தான். ஆனாலும் தடுமாறியது.

கூடவே ரோசியும் கிளம்பியிருந்தாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியாயிற்று. "அந்தோணியாருக்குச் சொல்லிட்டேன், வர்றேன்னு" என்றாள். அதற்கு மேல் வாதாட முடியாது.

அருங்காட்சியக முற்றத்துக் கருங்கல் தளம் பதினொரு மணி வெயிலில் சுட்டது. ரோசி ஒரு காலை மாற்றி ஒரு கால் வைப்பதைப் பார்த்த உதவியாளர் நீலமேகம், "வெறுங்காலோட ஏம்மா நிக்கிறீங்க? உள்ள வந்து ஃபேனுக்கடியில உக்காருங்க" என்று நேர்காணல் அறைக் கதவோரம் ஒரு ஸ்டூலைப் போட்டார். ஆன்சிக்கு அம்மாவின் முன்னாலேயே தோற்க வேண்டியதாகிவிட்டது.

மேசைக்குப் பின்னால் செங்கொடி மேடம் உட்கார்ந்திருந்தார். புவியியல் பிரிவுக்குப் பொறுப்பாளர். அவருக்கு முன்னால் வெல்வெட் துணியில், விளக்கு வெளிச்சத்தில், அந்தக் கல். ஸ்டூலில் இருந்த ரோசி அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க ஆன்சி. உங்க ஊறல் முறை என்ன?"

"எனக்குத் தெரியாது, மேடம்." வந்துவிட்டது. வந்ததும் மற்றதும் சேர்ந்து கொட்டியது. "வாளில போட்டேன். மறந்துட்டேன். நாலு மாசம் கழிச்சு எடுத்தேன். நானே உருவாக்கினதுன்னு எழுதினது பொய். ரெண்டு நாளா மறுபடி செஞ்சு பாத்தேன். குக்கர்ல வச்சேன், வினிகர்ல போட்டேன், கிரைண்டர்ல தேய்ச்சேன். எதுவும் வரல. மன்னிச்சிருங்க."

செங்கொடி மேடம் கோபப்படவில்லை. கல்லைக் கையில் எடுத்தார்.

"ஊறல் இல்லைன்னு எனக்கு முதல்லயே தெரியும். தண்ணி இப்படிப் பண்ணாது. நுண்ணோக்கியில வச்சுப் பாத்தோம். கோடு இடுக்கெல்லாம் குட்டிக் குட்டிக் கண்ணாடி உருண்டை. அனல்மின் நிலையச் சாம்பல். அதோட சோப்பு. அதைவிட நல்ல பாலிஷ் பவுடர் கடையில கிடைக்காது. அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன்."

செங்கொடி மேடம் கல்லை விளக்கடியில் திருப்பினார்.

"இந்தக் குழிவைப் பாருங்க. லேசா உள்வாங்கி இருக்கு. மெஷின்ல இந்த வளைவு வராது. யாரோ தினமும், ஒரே பக்கமா, ஒரே அழுத்தத்துல, மாசக்கணக்கா தேய்ச்சிருக்காங்க. கோடு தெரிஞ்ச இடத்துல அழுத்தத்தைக் குறைச்சிருக்காங்க. எங்க ஆளுங்களுக்கே அந்தப் பொறுமை கிடையாது." கல்லை மெல்ல வெல்வெட்டில் வைத்தார். "நீங்க உண்மை சொன்னது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா இது நிரந்தர வேலை, ஆன்சி. இதைத் தேய்ச்ச கைக்குத்தான் குடுக்கணும். அது யாரோட கை?"

ஆன்சி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

கதவோரத்தில் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. ரோசி எழுந்து, குதிகாலைத் தூக்கியபடி மேசைவரை நடந்து வந்தாள். மகளைப் பார்க்காமல் கல்லையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"கை இல்லீங்க மேடம், காலு. குதிகாலு வெடிப்புக்கு தெனம் அதுலதான் தேய்ப்பேன். தேய்ச்சிட்டு, இவ திட்டுவாளேன்னு திரும்ப வாளிலயே போட்டுடுவேன்."