படையலுக்குத் தண்ணீர்

அரியரத்தினம் குடிக்கப் பிடித்து வைத்திருந்த தண்ணீரை அவர் மனைவி சுந்தரேஸ்வரி எடுத்து சிங்க்கில் ஊற்றினாள்.

"பைப் தண்ணி குடிக்காதேங்கோ. ஃப்ளோரைட் கலக்கிறாங்கள். எலும்பைத் திண்டிடும்."

"பல்லுக்கு நல்லதெண்டுதான் கலக்கிறாங்கள். உமக்கு என்ன தெரியும்?"

"உங்களுக்கு எத்தினை பல்லு மிச்சம்?"

இதற்கு என்ன சொல்வது என்று யோசித்தபடியே அவர் நடக்கப் போனார். நல்ல பதிலொன்று அகப்பட்டு வீடு திரும்பியபோது, அதைக் கேட்க அவள் இல்லை. மாரடைப்பு.

ஒரு வருஷம் கழிந்து ஆட்டைத் திவசம் வந்தது. ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி தேவமலர் வந்து சமைத்து, படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தாள். தண்ணீர் வைப்பது மட்டும் அரியரத்தினத்தின் வேலை. இருந்தபோது ஒருநாளும் அவளுக்கு விட்டுக்கொடுக்காதவர். இன்றைக்காவது அவள் மனதுக்கு ஒத்த தண்ணீரை வைக்க வேண்டும்.

அவள் வழமையாகக் குடிக்கும் போத்தலை வாங்கி வந்தார். கண்ணாடி போட்டு லேபிளைப் பார்த்தால், அதிலேயே ஃப்ளோரைட் என்று எழுதியிருந்தது.

பைப் தண்ணீரை அடுப்பில் கொதிக்க வைத்துவிட்டு, பான் நகரில் இருக்கும் மகன் பிருந்தனை அழைத்தார்.

"கொதிச்சா தண்ணிதான் அப்பா ஆவியாப் போகும். ஃப்ளோரைட் அப்பிடியே நிண்டு இன்னும் கூடும். ஒரு வருஷத்துக்குப் பிறகு நீங்களா ஃபோன் எடுத்தது இதுக்குத்தானா?"

வெளியே மழை. பல்கனியில் சட்டியை வைத்தார். மேல்மாடிக் கிழவி பூச்சாடிக்கு ஊற்றிய தண்ணீரும் மண்ணோடு அதற்குள் இறங்கியது.

"அண்ணை, சோறு ஆறுது."

"பொறும் பிள்ளை."

கடைசியில் நகரசபைத் தண்ணீர் அலுவலகத்துக்கே அழைத்தார். அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். ஜெர்மனியில் குழாய்த் தண்ணீரில் ஃப்ளோரைட் கலப்பதே இல்லை. தேவையானால் அது சேர்த்த உப்பு கடையில் கிடைக்கும்.

அரியரத்தினம் கதிரையில் இருந்துவிட்டார்.

"முப்பது வருஷம் இல்லாத ஒண்டுக்குச் சண்டை பிடிச்சிருக்கிறம். இதை இப்ப ஆரிட்டைப் போய்ச் சொல்ல?"

தேவமலர் பைப்பைத் திறந்து செம்பை நிரப்பினாள்.

"அக்காவுக்கு அது தெரியும் அண்ணை. எங்கடை வீட்டிலை பைப்பிலைதான் பிடிச்சுக் குடிப்பா. 'என்ரை மனிசன் என்னோடை வாய் திறந்து கதைக்கிறது இந்த ஒரு விஷயம்தான், அதையும் நான் ஏன் கெடுக்கோணும்' எண்டு சொல்லுவா."