மெர்வினின் முதுகில் இருந்தது

"உயிரே போனாலும் என் உரிமையை விட்டுக் கொடுக்க மாட்டேன்!" என்று காலைச் சாப்பாட்டு மேஜையில் முழங்கினார் மெர்வின் லபார்ஜ். முழங்கி முடித்ததும் இடது கையை முழுசாகவும் வலது கையைப் பாதியாகவும் தூக்கிக்கொண்டு, மனைவிக்கு முதுகைக் காட்டி நின்றார். டெல்ஃபின் வந்து துப்பாக்கி பெல்ட் கட்டிவிட வேண்டும்.

வீரர்தான், அதில் சந்தேகமே வேண்டாம். தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு வலது கை முதுகுப் பக்கம் போகாது, அவ்வளவுதான். துப்பாக்கியை முன்பக்கம் செருகலாமென்றால் அங்கே தொந்தி ஏற்கெனவே குடியிருந்தது. அதை வைத்துப் பூட்டும் இரும்புப் பெட்டியோ நிலவறையில், தரையோடு தரையாக. மெர்வின் குனிந்தால் நிமிர வைக்க இரண்டு பேர் வேண்டும். அதனால் தினமும் டெல்ஃபின்தான் கீழே போய், துப்பாக்கியின் தோல் உறையைக் கனக்கக் கனக்க எடுத்துவந்து, அவர் முதுகில் கட்டி, மேலே சட்டையை இழுத்துவிடுவாள்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கு, டெல்ஃபின்."

"இதுக்கு மேல இறுக்கினா தின்ன முட்டை வெளிய வந்துடும்."

"வெளிய தெரியுதா பாரு. மறைச்சு எடுத்துட்டுப் போறதுக்குத்தான் எனக்கு லைசென்ஸ்."

"உனக்கே தெரியல, ஊருக்கா தெரியப் போகுது? ஆமா, திருடன் வந்தா இதை எப்படி எடுப்பே?"

"உன்னைக் கூப்பிடுவேன்."

"நான் வர்ற வரைக்கும் அவன் நிப்பானா?"

உரிமை பற்றிப் பேசும்போது இப்படிச் சில்லறை விஷயங்களை இழுப்பது மெர்வினுக்குப் பிடிக்காது.

"நெஞ்சு மாத்திரை எடுத்துக்கிட்டியா?"

"அதெல்லாம் கிழவனுங்க வெச்சுக்கறது."

போன குளிர்காலத்தில் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த மெர்வின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாத்திரை சமையலறை அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு டெல்ஃபின் வெறுங்காலோடு பனியில் ஓடினாள். நாக்குக்கு அடியில் அது கரைந்து அவர் கண்ணைத் திறக்கும்வரை அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து எத்தனை தரம் சட்டைப்பையில் போட்டுவிட்டாலும், மெர்வின் அந்தச் சின்னக் குப்பியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவார்.

அன்றைக்கு வழக்கு விசாரணை. லைசென்ஸ் இருந்தாலும் சரி, நூலகம், தேவாலயம், பூங்கா, ஆஸ்பத்திரி, மதுக்கடை எங்கேயும் துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகக் கூடாதென்று மாநில அரசு சட்டம் போட்டிருந்தது. ஊர்த் துப்பாக்கி கிளப் எதிர்த்து வழக்குப் போட்டது. மனுவில் முதல் பெயர் மெர்வினுடையது. ஒரு நீதிபதி சட்டம் செல்லாது என்றார். மேல்கோர்ட், அவர் சொன்னதுதான் செல்லாது என்றது. பிறகு பூங்காவுக்குச் செல்லும், தேவாலயத்துக்குச் செல்லாது என்றார்கள். எந்த வாரம் எங்கே போகலாமென்று கிளப் தலைவர் வெண்டல் போன் போட்டுச் சொல்வார்.

அனுமதி கிடைத்த வாரங்களில் மெர்வின் சும்மா இருக்கவில்லை. வாழ்நாளில் புத்தகம் தொடாதவர், நூலகத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து உரிமையை அனுபவித்தார். தேவாலயத்தில், முதுகில் உறுத்துவதால் சாய முடியாமல், பிரசங்கம் முடியும்வரை தூங்காமல் இருந்தார். பாதிரியார் நெகிழ்ந்துபோனார்.

டெல்ஃபின் காரோட்ட, வெண்டலும் சேர்ந்துகொள்ள, மூவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். வாசலில் உலோகப் பரிசோதனை வளையம். வரிசையில் முன்னால் இருந்தவர் அதன் வழியாகப் போனபோதுதான் மெர்வினுக்கு முதுகு ஞாபகம் வந்தது. வந்ததும் முகம் வெளுத்தது. கோர்ட்டுக்குள் துப்பாக்கி கூடாது என்பதை எதிர்த்து மட்டும் கிளப்பே வழக்குப் போட்டிருக்கவில்லை.

"டெல்ஃபின்! முதுகுல இருக்குடி!"

"தெரியும். நான்தானே கட்டினேன்."

"கழட்டி கார்ல வெக்க மறந்துட்டேனே! ஜெயில்டி. லைசென்ஸ் போச்சு. கேஸும் போச்சு."

"வெண்டல் பின்னாடி நிக்கறான், காதுல விழப் போகுது. நட."

"என்ன நடங்கறே?"

"நான் இருக்கேன்ல? நட, மெர்வின்."

நடந்தார். வளையம் ஊளையிட்டது. இளம்பெண் காவலர் ஒருத்தி எழுந்து வந்தாள்.

"சார், முதுகுல என்ன வெச்சிருக்கீங்க?"

மெர்வினுக்கு நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இறுகியது. இரு கைகளையும் தூக்கப் பார்த்தார், ஒன்றரைதான் தூக்க முடிந்தது. காவலர் உறையை உருவினாள். வெண்டல் ஓரடி பின்வாங்கினார். உறைக்குள்ளிருந்து மெர்வினின் பழைய கம்பளிக் காலுறை வந்தது. அதற்குள் தூண்டிலில் கட்டும் ஈயத்துண்டுகள். அவற்றின் நடுவே பத்திரமாக ஒரு சின்னக் குப்பி.

"நெஞ்சு வலிக்கு, நாக்கின் அடியில் வைக்கவும்" என்று காவலர் அதைப் படித்து முடிப்பதற்குள் டெல்ஃபின் குப்பியை வாங்கித் திறந்து, ஒரு மாத்திரையை அவர் நாக்குக்கு அடியில் வைத்துவிட்டாள். பிறகு அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூச்சு சீரானதும் மெர்வின் கேட்டார்.

"எப்பலேர்ந்து?"

"பனி உருகினதுலேர்ந்து."

"அப்போ லைப்ரரியில?"

"மாத்திரை."

"சர்ச்சுல?"

"மாத்திரைதான். கனம் குறையக் கூடாதுன்னு ஈயம்."

"கண்காட்சியில என்னை இடிச்ச ஒரு தாடிக்காரனை முறைச்சேனே! அவனும் பயந்து ஒதுங்கினானே!"

"மாத்திரைய நம்பித்தான் முறைச்சே. நல்லாத்தான் முறைச்சே."

"துப்பாக்கி எங்கடி?"

"அதோட பெட்டியில, பூட்டித்தான் இருக்கு. நீயே குனிஞ்சு எடுத்து நிமிர்ந்து காட்டு, அதையே கட்டிவிடறேன்."

மெர்வினுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு ஏனோ கண்ணிலும் தண்ணீர் வந்தது.

"உன்னைக் காப்பாத்தத்தானே நான் அதைச் சுமந்தேன்?"

"தெரியும், கிழவா. நீ விழுந்துட்டா என்னை யார் காப்பாத்துவா? மாத்திரைய எடுத்துக்கோன்னா எடுக்க மாட்டே. துப்பாக்கி இல்லாம வாசலைத் தாண்ட மாட்டே. கோர்ட் யாருக்கு என்ன சொன்னாலும் எனக்கு ஒண்ணுதான். நீ போற இடமெல்லாம் மாத்திரையும் போகணும்."

மெர்வின் அவள் கையை விடவில்லை. உள்ளே வக்கீல் அவர் பெயரைச் சொல்லி, ஆயுதம் தாங்கிய குடிமகனின் அஞ்சா நெஞ்சத்தைப் பற்றி உருக்கமாக வாதாடிக்கொண்டிருந்தார்.

இலையுதிர் காலத்தில் தீர்ப்பு வந்தது. மெர்வினுக்கு முழு வெற்றி! நூலகம், தேவாலயம், பூங்கா எல்லாம் திறந்துவிட்டது. வெண்டல் போனில் கத்திய கத்தல் தோட்டம்வரை கேட்டது. மறுநாள் காலை, நாட்டிலேயே சுதந்திரமான மனிதர் ஒன்றரைக் கையைத் தூக்கிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். நிலவறைக்குப் போகவேண்டிய டெல்ஃபின் சமையலறை அலமாரியைத் திறந்த சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

டெல்ஃபின் உறையைக் கட்டினாள், சட்டையை இழுத்துவிட்டாள், முதுகில் செல்லமாகத் தட்டினாள்.

"தைரியமா போய்ட்டு வா, மெர்வின். இனிமே மாத்திரைய எங்க வேணாலும் மறைச்சு எடுத்துட்டுப் போலாம்னு கோர்ட்டே சொல்லிடுச்சு."