குப்பை வண்டிக்கு இன்று யார் முறை?

இந்த பேஸ்பால் சீசன் முடியும்வரை குப்பை வண்டிக்காக ஒரு படிகூட இறங்குவதில்லை என்று ஜுன்ஹுங் தீர்மானித்தான். சாதாரணத் தீர்மானம் இல்லை. சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து செய்த தீர்மானம்.

பான்சியா நகரத்தில் அவர்கள் சந்துக்குக் குப்பை வண்டி மாலை ஏழு மணிக்கு வரும், புதனும் ஞாயிறும் தவிர. தூரத்தில் வண்டியின் பியானோ இசை கேட்டதுமே சந்து முழுக்கக் கதவுகள் திறக்கும். பையைத் தெருவில் வைத்துவிட்டு வர முடியாது. தரையில் படாமல் கையாலேயே வண்டிக்குள் போட வேண்டும். அதாவது, நாலாம் மாடியிலிருந்து ஒரு ஆள் இறங்கியாக வேண்டும். டிவியில் ஆட்டம் சூடு பிடிப்பதும் அதே ஏழு மணிக்குத்தான்.

"முறை வச்சுக்கலாம்," என்றான் மனைவி பெய்ஷானிடம். "ஒரு நாள் நீ, ஒரு நாள் நான். அதுக்கு ஒரு வெப்சைட்டே செஞ்சு தர்றேன்."

"ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு வெப்சைட்டா?"

"நியாயம்னு ஒண்ணு இருக்கு பாரு."

"இத்தனை நாள் அது எங்க இருந்துச்சு?"

வெப்சைட் கட்டுவதுதான் ஜுன்ஹுங்கின் பிழைப்பு. ஒரே மதியத்தில் பக்கம் தயார். பெரிய எழுத்தில் ஒரு பெயர். கீழே 'போட்டாச்சு' என்று ஒரு பட்டன். அமுக்கினால் அடுத்தவர் பெயர் வரும். மிச்சம் ஒரே கேள்வி: யார் முறை என்பதை எங்கே சேமித்து வைப்பது?

பக்கத்தின் ஞாபகத்திலேயே விட்டுவிடலாம். அது ஈர மேஜையில் விரலால் எழுதுவது மாதிரி, மூடினால் போச்சு. போனுக்குள் பதித்து வைக்கலாம். அது சட்டைப்பையில் வைத்த சீட்டு மாதிரி. மூடினாலும் இருக்கும், ஆனால் ஒவ்வொரு போனுக்கும் தனிச் சீட்டு. இல்லையென்றால் சர்வரில் வைக்கலாம். அது கட்டட வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகை மாதிரி. எல்லோருக்கும் ஒன்றே, திருட்டுத்தனமாக யாரும் திருத்த முடியாது.

ஆபீசில் புதிதாக வருபவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுப்பவனே அவன்தான். "ரெண்டு பேருக்குப் பொதுவான விஷயமா? யோசிக்காதே, சர்வர்."

வீட்டில் அவன் யோசித்தான். சட்டைப்பையைத் தேர்ந்தெடுத்தான். தன் பையில் இருக்கும் சீட்டைத் தானே திருத்திக்கொள்ளலாமே.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஒன்றுமே பதியாத போனில் முதலில் யார் பெயரைக் காட்டுவது? இதை அவன் யோசிக்கவே இல்லை. அரசாங்கப் பதிவில் குடும்பத் தலைவர் யார்? அவன். ஆகவே அவன் பெயர்.

திங்கட்கிழமை தன் போனை நீட்டினான். "பாரு, உன் முறை." பெய்ஷான் இறங்கினாள்.

செவ்வாய்க்கிழமையும் நீட்டினான்.

"நேத்து நான்தானே போனேன்?"

"எனக்கு ஞாபகம் இல்லை. பக்கம் என்ன சொல்லுது?"

"பெய்ஷான்னு சொல்லுது."

"அப்புறம் என்ன? மனுஷன் மறப்பான், அது மறக்காது. பக்கம் சொல்றதுதான் சட்டம்."

வியாழனும் அப்படியே. உப்புப் போட்டுப் பொரித்த கோழியைக் கொறித்தபடி ஜுன்ஹுங் ஆட்டத்தை முழுசாகப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை பெய்ஷான் தன் போனை நீட்டினாள். "என்னோடதுல உன் பேரு வருது."

அவனுக்குப் புரிந்துவிட்டது. அவள் போனில் இன்னும் சீட்டே இல்லை. "முதல் தடவை திறக்கிறே. அப்படித்தான் வரும்."

"பக்கம் சொல்றதுதான் சட்டம்னியே."

"என் போன்ல உன் பேரு வருதே."

"உன்னோடதுல நீ வரவைக்கிறே. என்னோடதுல தானா வருது."

இறங்கினான். திரும்பி வந்து, மூச்சு வாங்க, அவள் போனில் பட்டனை அமுக்கினான். பெய்ஷான் பெயர் பளிச்சென்று வந்தது. நிம்மதி.

சனிக்கிழமை: ஜுன்ஹுங்.

"நேத்து அமுக்கினேனே?"

"நானும்தான் பார்த்தேன்."

இறங்கினான். அமுக்கினான். திங்கள்: ஜுன்ஹுங். செவ்வாய்: ஜுன்ஹுங். எழுதியதையெல்லாம் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்துப் பார்த்தான். ஒரு பிழை இல்லை. இருந்தும் அந்தப் போன் விடிந்தால் அவனைத்தான் நினைத்துக்கொண்டது.

வியாழக்கிழமை அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். "மேல ஏன் கறுப்பா இருக்கு?"

"பிரவுசரோட ரகசிய ஜன்னல். மூடினா எல்லாத்தையும் மறந்துடும்."

"அதுல எதுக்குத் திறக்கிறே?"

"ஆன்லைன்ல செருப்பு பார்க்கிறது அதுலதான். இல்லேன்னா அப்புறம் எங்க போனாலும் செருப்பு விளம்பரமா வருது, அதைப் பார்த்து நீ புலம்புறே. உன் பக்கத்தையும் தெரியாம அதுலயே திறந்துட்டேன். உன் பேரு வந்துச்சு. மூடிட்டுத் திறந்தேன். மறுபடியும் உன் பேரு. இவ்வளவு நல்லா வேலை செய்யுற பக்கத்தை வேற எங்க போய்த் திறக்க?"

"இது ஏமாத்து வேலை."

"சரி. உன் போன்ல மூணு நாளும் என் பேரே வந்துச்சே, அது என்ன வேலை?"

ஜுன்ஹுங் லேப்டாப்பைத் திறந்தான். அன்றே சர்வருக்கு மாற்றினான். இனி எந்தப் போனில், எந்த ஜன்னலில் திறந்தாலும் ஒரே பதில். பெய்ஷான் வேறு வழி கண்டுபிடித்துவிடக் கூடாதென்று ஒரு பூட்டும் போட்டான்: எதை மாற்றுவதானாலும் வெப்சைட்டில் சேர்ந்திருக்கும் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும்.

"இனிமே யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"உன்னாலயும்?"

"என்னாலயும்தான்."

"வேற யாராவது சேரணும்னா?"

"லிங்க் அனுப்பினா போதும்," என்றான் பெருமையாக.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் நடுவில் அவன் போன் சிணுங்கியது. "சம்மதமான்னு கேக்குது பாரு," என்றாள் பெய்ஷான்.

"எதுக்கு?"

"முறை விஷயமாத்தான்."

படிக்காமல் அமுக்கும் ஜனங்களைப் பற்றி ஆபீசில் தினமும் தலையில் அடித்துக்கொள்பவன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் அமுக்கினான்.

சனிக்கிழமை அவன் முறை. பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தால், மூன்றாம் மாடி தெங் அக்கா நின்றிருந்தாள். கையில் இரண்டு பை, ஒரு காய்கறிக் கழிவு வாளி.

"இந்தா தம்பி, இன்னைக்கு உன் முறைதானே."

"என் முறைன்னா எங்க வீட்டுப் பைக்கு அக்கா."

"ரெண்டு வீட்டுக்கும்தான்," என்றாள் பெய்ஷான் உள்ளேயிருந்து. "உன் நாள்ல நீ அவங்களோடதையும் எடுத்துட்டுப் போவே. என் நாள்ல அவங்க நம்மளோடதையும் எடுத்துட்டுப் போவாங்க."

"அப்போ நீ?"

"நான்தானே ஏற்பாடு பண்ணினேன். நீதான் சம்மதிச்சே."

பியானோ இசை சந்து முனைக்கு வந்துவிட்டது. ஜுன்ஹுங் அவசரமாகப் போனைத் திறந்து, 'முறையை மாற்று' என்று அமுக்கினான். மூன்று பேர் சம்மதம் வேண்டும் என்றது பக்கம். பெய்ஷான் 'முடியாது' என்று அமுக்கினாள்.

தெங் அக்கா வாளியை அவன் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு வரி விடாமல் படித்தாள். அவளும் 'முடியாது' என்று அமுக்கினாள்.

"ரொம்ப நல்லா வேலை செய்யுது தம்பி," என்றாள்.