சாட்சியச் சட்டத்துக்கு ஏற்ற உடற்பயிற்சி

பாங்காக்,
செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தே கால்
(படிப்பு நேரம் முடிந்து, உடற்பயிற்சி நேரம் தொடங்குமுன்)

பெருமதிப்புக்குரிய லமை அக்காவுக்கு,

தம்பி தவீசக் இரு கை கூப்பி எழுதுவது. லம்பாங்கில் நீங்களும் உங்கள் தையல் மிஷினும் அத்தானின் முழங்காலும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மனைவி ஒராபினும் மகள் மாலியும் சௌக்கியம். நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் முப்பத்தோரு வருஷம் தபால் இலாகாவில் இருந்தவன் தப்பான தகவல் அனுப்பக் கூடாதல்லவா.

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒரு ஆணியில் ஒராபின் பட்டம் வாங்கிய படம், அடுத்த ஆணியில் மாலி பட்டம் வாங்கிய படம், மூன்றாவது ஆணியில் அரிசிக் கடைக் காலண்டர். அந்த மூன்றாவது ஆணி என்னுடையது. ஐம்பத்து நாலு வயதில் சட்டம் படிக்கச் சேர்ந்த அன்றைக்கே அதை அடித்தேன். வருகிறவர்கள் எல்லாம் "மூணாவது படம் எங்கே"ன்னு கேட்க, ஒராபின் "அவரு இன்னும் படிக்கிறாரு"ன்னு சொல்ல, அவர்கள் காலண்டரைப் பார்த்துத் தலையாட்ட, இப்படியே எட்டு வருஷம் ஓடிவிட்டது. எட்டு வருஷத்தில் முடிக்காதவன் முதல் பாடத்திலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகத்து விதி. இது எட்டாவது வருஷம், பாக்கி இருப்பது சாட்சியச் சட்டம் என்கிற ஒரே பாடம். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அதனிடம் உதை வாங்கியிருக்கிறேன். பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது அக்கா.

இது போதாதென்று டாக்டர் என் ரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டது, தினமும் அரைமணி நேரம் உடம்பை அசைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒராபின் பிடித்துக்கொண்டாள். "பாஸானா மட்டும் போதாதுங்க. அக்கா தெச்சுக் குடுத்த பட்டம் வாங்குற அங்கி எட்டு வருஷத்துக்கு முந்தின வயித்துக்கு. அது மாட்டினாத்தான் போட்டோ." அன்று மத்தியானமே அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு மாட்டிப் பார்த்தேன். தோளில் ஏறவே மூச்சு முட்டியது. முன் கொக்கிக்கும் அதன் கண்ணிக்கும் நடுவில் ஒரு சாண் வயிறு. நீங்கள் துணியில் இவ்வளவு சிக்கனம் பிடித்திருக்க வேண்டாம் என்று அப்போது ஒரு வார்த்தை நினைத்தேன். மன்னிக்கவும்.

படிப்புக்கு இடைஞ்சல் இல்லாத உடற்பயிற்சி எது என்று தேர்ந்தெடுக்க உட்கார்ந்தேன். மாலியின் கலர் பேனாக்களை வாங்கி, படிப்புக்கு நீலம், சாப்பாட்டுக்குப் பச்சை, தூக்கத்துக்கு மஞ்சள், உடற்பயிற்சிக்குச் சிவப்பு என்று அட்டவணை போட்டதில் நாலு நாள் போய்விட்டது. சிவப்புக்கு இடம் விட மறந்துவிட்டேன், அதனால் இன்னும் ஒரு நாள். கடைசியில் மாலை ஐந்தே முக்காலிலிருந்து ஆறே கால் வரை அரைமணி கிடைத்தது. ஒராபின் அதைப் பார்த்துவிட்டு, "இந்த அஞ்சு நாளும் சும்மா தெருவுல நடந்திருந்தா இந்நேரம் ஒரு கிலோ போயிருக்கும்" என்றாள். திட்டம் இல்லாமல் நடந்தால் எங்கே போய்ச் சேருவது, நீங்களே சொல்லுங்கள்.

முதலில் வீட்டைவிட்டு வெளியே போகாத வழியைப் பிடித்தேன். மாலி என் செல்போனில் காலடி எண்ணும் ஏற்பாடு ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். படிக்கும்போது நான் காலாட்டுவேன் என்பது உங்களுக்குத் தெரியும், அம்மாவிடம் எத்தனை தடவை அதற்காகக் குட்டு வாங்கியிருக்கிறேன். அன்று சாயங்காலம் செல்போனைச் சட்டைப் பையிலிருந்து கால்சட்டைப் பைக்கு மாற்றினேன், அவ்வளவுதான் செய்தேன். ராத்திரிக்குள் பதினோராயிரம் அடி காட்டியது. ஒராபின் சந்தோஷத்தில் மாம்பழமும் தேங்காய்ப்பால் விட்ட சோறும் வைத்தாள், நானும் சாப்பிட்டேன். மாலிதான் விடவில்லை. "அப்பா, மத்தியானத்துலேர்ந்து மழை. பதினோராயிரம் அடி நடந்திருக்கீங்க. செருப்பு மட்டும் ஏன் காஞ்சு கெடக்கு?" இதற்குப் பேர் சூழ்நிலைச் சாட்சியம் என்று ஆறாவது அத்தியாயத்தில் வருகிறது. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அத்தியாயம் எனக்கு நன்றாகப் புரிந்தது.

மறுநாள் ஏரிப் பூங்காவுக்கு ஓடப் போனேன். ஓடிக்கொண்டே படிக்கலாம் என்று சட்டப் பிரிவுகளை என் குரலிலேயே பதிவு செய்து காதில் மாட்டிக்கொண்டேன். என் குரல் இவ்வளவு தூக்கம் வரவழைக்கும் என்று இத்தனை வருஷம் யாருமே சொல்லவில்லை, இரண்டாவது சுற்றில் நடந்தபடியே கண் அசந்து ஒரு மரத்திடம் மன்னிப்புக் கேட்டேன். சரி என்று அதைக் கழற்றிவிட்டு, குறிப்புத்தாள்களையும், களைத்தால் சாப்பிட என்று வாங்கின பன்றிக்கறிக் குச்சி நாலையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். சரியாக ஆறு மணி, ஒலிபெருக்கியில் தேசிய கீதம். ஓடினவர், நடந்தவர், சைக்கிளில் போனவர் எல்லாரும் நின்ற இடத்தில் நின்றுவிட்டோம். அப்போது ஏரிக்குள்ளிருந்து ஒரு உடும்பு ஏறி வருகிறது அக்கா, என் உயரம் இருக்கும். ஆறு மணிக்கு அசையக் கூடாது என்பது அதற்குத் தெரியவில்லை. எதிரில் விறைப்பாக நின்ற ஒரு ஆள் உதட்டை அசைக்காமல், "மாமா, பின்னால" என்றார். நானும் அசைக்காமல், "தெரியுது. பாட்டு முடியட்டும்" என்றேன். அது என் செருப்பின் மேல் ஒரு காலை வைத்து, பையை மோந்து பார்த்து, வாயில் கவ்வி, என் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டு போனது. அந்தப் பிடிக்கு உடும்புப் பிடி என்று சும்மா பேர் வைக்கவில்லை. பாட்டு முடிகிறபோது என் சாட்சியச் சட்டம் நடு ஏரியில் போய்க்கொண்டிருந்தது. ஒராபினிடம் சொன்னேன். "போகட்டும், கெட்ட நேரத்த அது எடுத்துட்டுப் போயிடுச்சுன்னு நெனச்சுக்கோங்க" என்றவள், கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பையில வேற என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள். நான் தூங்கப் போய்விட்டேன்.

ஓட்டம் வேண்டாம் என்று அதே பூங்காவில் கீதம் முடிந்ததும் மேடை போட்டுப் பாட்டு வைத்து ஆட்டுவிக்கிறார்களே, அந்த ஏரோபிக்ஸ் கூட்டத்தில் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். ஆறு மணிக்குத் தொடங்குவதால் சிவப்புக் கட்டத்தை நீலத்துக்குள் கால்மணி நகர்த்த வேண்டியிருந்தது, மனசு கேட்கவில்லை. நாற்பது பெண்கள், நான் ஒருத்தன். மேடையில் ஜியாப் டீச்சர். அவர் இருபது வருஷம் நீதிமன்றத்தில் டைப் அடித்தவர் என்று யாருமே என்னிடம் சொல்லவில்லை. நான் பாட்டுக்குப் பிரிவுகளை முணுமுணுத்துக்கொண்டு ஆட, மைக்கில் கேட்கிறார்: "மஞ்சச் சட்டை மாமா, என்ன முணுமுணுப்பு? காலு வேற எங்கியோ போகுது."

"சாட்சியச் சட்டம் டீச்சர். பரீட்சை."

"அப்படியா. அடுத்தவன் சொல்லிக் கேட்டத சாட்சியா எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கலாம் டீச்சர்."

"வெளங்குச்சு. எடுத்துக்கக் கூடாது மாமா, சட்டத்துல விலக்கு இருந்தாலொழிய. எல்லாரும் சொல்லுங்க. கேட்டது சாட்சி இல்ல, வலது ரெண்டு. பாத்தவன்தான் சாட்சி, இடது ரெண்டு. கை தட்டு."

நாற்பது பேரும் சொன்னார்கள். அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. பழம் விற்கிற அம்மாள் பிரிவு எண்ணை என்னைவிட வேகமாகச் சொல்கிறார். எனக்கோ காலை ஆட்டாமல் ஒரு பிரிவும் ஞாபகம் வர மாட்டேன் என்கிறது.

இத்தனை செய்தும் தினமும் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு அங்கியை மாட்டிப் பார்க்கிறேன், ஒரு சாண் வயிறு ஒரு சாணாகவே நிற்கிறது. கால்சட்டை இடுப்பில் நிற்காமல் இறங்குகிறது, அங்கி மட்டும் மாட்டவில்லை, என்ன மாயமோ. அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். இத்துடன் அங்கியைப் பார்சல் கட்டி அனுப்புகிறேன். இரண்டு பக்கமும் பிரித்து ஒரு சாண் கூட்டித் தைத்து, ஒராபின் கண்ணில் படாமல் என் பேருக்கே திருப்பி அனுப்புங்கள். நான் பாஸாகி, அங்கி மாட்டவில்லை என்று அந்தக் காலண்டர் மறுபடியும் ஆணியில் தொங்கினால் எனக்குத் தாங்காது அக்கா.

புத்தர் அருளால் உங்கள் கண்ணும் கையும் இன்னும் நூறு அங்கி தைக்கட்டும். அத்தானின் முழங்காலை ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லவும், அனுபவத்தில் சொல்கிறேன்.

தங்கள் அன்புத் தம்பி,
தவீசக்

பின்குறிப்பு: அக்கா, எதையும் வெட்டிவிடாதீர்கள். வெட்ட உங்களிடம் ஒன்றும் வந்து சேரவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. முப்பத்தோரு வருஷம் ஊரார் கடிதத்தை ஒரு நாள் தாமதம் இல்லாமல் சேர்த்தவன், இந்தக் கடிதத்தையும் பார்சலையும் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்து இரண்டு மாதம் மறந்துவிட்டேன். நேற்று மாலி கண்டுபிடித்துப் பார்சலைப் பிரித்தாள். "அப்பா, அம்மாவோட அங்கிய எதுக்கு லமை அத்தைக்கு அனுப்புறீங்க?" கழுத்துப்பட்டைக்கு உள்ளே நூலால் 'ஒராபின்' என்று பேர் தைத்திருக்கிறது. இத்தனை நாள் நான் மல்லுக்கட்டியது பெண்டாட்டி அங்கியோடு. பாத்தவன்தான் சாட்சி என்று நாற்பது பேரோடு கத்தியவன், ஒரு தடவை கழுத்துப்பட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

என் அங்கி மேல்தட்டில் இருந்தது. "தெனமும் கண்ணுல பட்டா மனசு கஷ்டப்படுவீங்கன்னு நான்தான் மேல வெச்சேன்" என்றாள் ஒராபின். போட்டுப் பார்த்தேன், உள்ளே இன்னொரு தவீசக்குக்கு இடம் இருந்தது. உங்கள் துணிச் சிக்கனத்தைப் பற்றி நினைத்ததை வாபஸ் வாங்குகிறேன்.

சொல்ல மறந்துவிட்டேன், நான் பாஸ். பரீட்சையில் முதல் கேள்வியே அடுத்தவன் சொல்லிக் கேட்ட சாட்சியம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலது ரெண்டு, இடது ரெண்டு ஆடி எழுதிக்கொண்டே வந்தவன், விடை ஞாபகம் வந்த வேகத்தில் கையைத் தட்டிவிட்டேன். மேற்பார்வையாளர் ஓடி வந்து, "மாமா, அவசரமா? வெளிய போகணுமா?" என்று கேட்டார். அவசரம்தான், எட்டு வருஷத்து அவசரம் என்றேன்.

இன்று காலை போட்டோ எடுத்தாயிற்று. அங்கி தொளதொளவென்று நின்றதால் ஸ்டூடியோக்காரர் முதுகுப்பக்கம் பதினாலு துணிக்கிளிப் போட்டு இழுத்துக் கட்டினார். முன்னால் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒராபின் காலண்டரைச் சமையலறைக்கு மாற்றிவிட்டு, படத்தைத் தன் கையாலேயே மூன்றாவது ஆணியில் மாட்டினாள். மாட்டிவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள். நீங்கள் எப்போது வந்து பார்க்கிறீர்கள்?